ஒருவரும் எழும்பாத செத்த வீடு

1

போன கிழமை எங்கள் வெயர்ஹவுசின் சாப்பாட்டு அறையில் லொக்டவுன் காலத்துக் கதை வந்தது. டெபி வீட்டில் அலுமாரி ஒதுக்கும்போது பழைய மாஸ்க் ஒரு பை நிறைய அகப்பட்டதாம். அதில் தொடங்கியதுதான். டெபி எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர். எதைச் சொன்னாலும் "நோ ட்ராமாஸ், லவ்" என்று முடிக்கிற மனுசி. போர்க்லிப்ட் பழுதானாலும் அதுதான், சீனி முடிந்தாலும் அதுதான். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு பிரியம். ஆட்கள் வாயில் வைத்திருக்கிற சொற்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம்.

அந்த நாட்களில் என்ன பழகினோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி பாண் சுடப் பழகினாளாம். ஒருவர் கிற்றார். ஒரு பிலிப்பைன்ஸ் பெடியன் தன் தலைமயிரைத் தானே வெட்டிவிட்டு, அது வளருமட்டும் தொப்பியோடு திரிந்தானாம். கடைசியில் டெபி என் பக்கம் திரும்பி, "நீ என்ன செய்தாய், ராணி?" என்று கேட்டாள்.

"வீ டிட் எ டெட் ஹவுஸ்," என்றேன்.

டெபியின் பிஸ்கட் தேத்தண்ணிக்குள் உடைந்து விழுந்தது. இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்தும் என் வாய் இப்படித்தான். அவசரத்தில் தமிழைத் தூக்கி அப்படியே ஆங்கிலத்துக்குள் போட்டுவிடும். செத்த வீட்டை வேறு என்னவென்று சொல்வது? ஃபியூனரல் என்றால் அவர்களுக்குக் கறுப்பு உடுப்பு, கொஞ்சம் பூ, ஒரு மணித்தியாலம், பிறகு சான்ட்விச். நான் சொல்ல வந்தது அதில்லை. விளங்கப்படுத்தத் தொடங்க மணி அடித்துவிட்டது. எல்லோரும் எழும்பி வேலைக்குப் போய்விட்டோம்.

அங்கே ஆங்கிலத்தில் முடியாமல் போனதை ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குத் தமிழில் சொல்லலாம் என்று இருக்கிறேன். பெருமையாகத்தான் சொல்லப்போகிறேன். பிறகு "ராணி புளுகுகிறாள்" என்று சொல்ல வேண்டாம்.

2

நாங்கள் இருப்பது ட்ருகனினாவில், மெல்பேர்னின் மேற்குப் பக்கம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வெயர்ஹவுஸ்கள், மற்றப் பக்கம் ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டின மாதிரிப் புது வீடுகள், நடுவில் தொப்பியைப் பறித்துக்கொண்டு போகிற காற்று. லொக்டவுனில் நகரமே வீட்டுக்குள் இருந்தபோது நாங்கள் வேலைக்குப் போனோம். சனம் கட்டிலில் இருந்துகொண்டு ஓடர் பண்ணின மாவும், ரொய்லற் பேப்பரும், பிள்ளைகளின் பால்மாவும் எங்கள் கைகளால்தான் அடுக்கப்பட்டுப் போனது. பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கு ஒரு பத்திரம் தந்திருந்தார்கள். அதில் என்னை "அத்தியாவசியப் பணியாளர்" என்று போட்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து என்னை அத்தியாவசியம் என்று ஒருவரும் சொன்னதில்லை. என் மனிசனிடம் காட்டினேன். "வீட்டிலை நான் சொன்னா நீ நம்பமாட்டாய், கவுண்மெந்து சொன்னா நம்புவாய்," என்றார்.

தயாபரன் பக்கத்து வெயர்ஹவுசில் வேலை. எல்லோரும் தயா என்போம். படகில் வந்தவன். வந்த நாளில் இருந்து தற்காலிக விசாதான். நாற்பது தாண்டியும் கலியாணம் இல்லை. அவன் வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"விசா என்னவாம், தம்பி?"

"பாப்பம் அக்கா."

"எங்கையாவது ஒரு பிள்ளையைப் பாக்கட்டே?"

"பாப்பம்."

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறியோ?"

"பாப்பம் அக்கா" என்பான். ஆனால் அதற்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான்.

எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்வளவில் இருக்கிற ஒற்றை அறையில் தனியே இருந்தான். அவனுடைய தாய் வடமராட்சியில், மகளோடு. தயா இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். அதனால் தாயை அவன் போனில்தான் பார்த்து வந்தான். கொரோனா வந்து எல்லை மூடினபோது இங்கே எங்கள் சனம் எல்லாம், "ஐயோ, அம்மாவைப் பாக்கப் போகேலாமல் கிடக்கே" என்று அழுதது. தயா அழவில்லை.

"இப்பதான் அக்கா, எல்லாரும் என்ர பக்கம் வந்திருக்கிறியள்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

3

இரண்டாவது லொக்டவுனின் நடுப்பகுதியில் தயா வேலை செய்கிற பகுதியில் ஒருவருக்கு நோய் என்று வந்தது. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, யாரும் உள்ளே போகவும் கூடாது. அதே கிழமைதான் ஊரில் தாய்க்கு நெஞ்சு வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கேள்விப்பட்ட நாளில் இருந்து தயா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் சமைத்துக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வேலியடியில் நின்று கூப்பிடுவேன். யன்னலால் கை காட்டுவான். அடுத்த நாள் போனால் பாத்திரம் அப்படியே இருக்கும்.

ஒரு காலை போன் வந்தது.

"அக்கா."

"சொல்லு, தம்பி."

"அம்மா போட்டா."

அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி, அழுறியோ?"

"இல்லை அக்கா. அழுகை வருகுதில்லை. கதவைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஆரோ வருவினம் போலை கிடக்கு. ஆரும் வரேலாது எண்டும் தெரியும்."

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் ஆட்களின் செத்த வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சேதி கேட்டால் கதவு தட்டுவதில்லை, நேரே உள்ளே போய்விடுவோம். பிரேதம் எடுக்குமட்டும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். வருகிற சனம் கதிரையில் இருக்கும். ஊர்க்கதையும் கதைக்கும், மழையைப் பற்றியும் கதைக்கும், சும்மாவும் இருக்கும். இருப்பதுதான் வேலை. எடுத்த பிறகு அயலவர் சாப்பாடு கொண்டுவந்து, "ஒரு வாய் சாப்பிடு" என்று வில்லங்கப்படுத்தி இறக்கினால்தான் அந்தக் கடமை முடியும். இங்கே தயாவுக்கு அழ ஒரு தோள் இல்லை, வில்லங்கப்படுத்த ஒரு ஆள் இல்லை. இவன் அந்த அறைக்குள் தனியே இருந்து என்ன ஆகப்போகிறானோ என்பதுதான் என் பயம். தனியே விடக்கூடாது, எப்படியும் ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் ஆரணியின் கதவைத் தட்டினேன். அவள் கிளேட்டனில் யூனி படிக்கிறவள். அந்த வருசம் அறைக்குள் இருந்தே படித்தாள். அவளும் நானும் ஒரு வீட்டுக்குள் இருந்தோம், அவ்வளவுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கதவு பூட்டும். விசயத்தைச் சொன்னேன்.

"தட்ஸ் சோ சாட்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சூமில செய்யலாமே?" என்றாள்.

"செத்த வீட்டையோ?"

"வை நொட்?"

4

சிட்னிக்குப் போன் எடுத்தேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கிட்டப் பொன்னுத்துரை அங்கிள் இருக்கிறார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். நல்லது கெட்டது எதுவென்றாலும் முறை சொல்ல அவரைத்தான் கேட்போம். யார் என்ன கேட்டாலும் "அது வேறை, இது வேறை" என்றுதான் தொடங்குவார்.

"அங்கிள், சூமில செத்த வீடு வைக்கலாமோ?"

"அது வேறை, இது வேறை, பிள்ளை," என்றார். பிறகு ஒரு செருமல். "ஆனா ஆக்கள் வரவேணும். வராட்டித்தான் பிழை. எனக்கு அந்த லிங்கை அனுப்பு."

மத்தியானம் ஆரணி கூட்டத்தைத் திறந்தாள். தயாவின் போனை மேசையில் அரிசிப் போத்தலில் சாத்தி வைக்கச் சொன்னாள். அவன் கட்டிலில் இருப்பதும், பின்னால் கதவும் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு பெட்டியாகச் சனம் வரத் தொடங்கியது. தயாவோடு படகில் வந்தவர்கள், வேலைத் தளத்தவர்கள், எங்கள் தெருக்காரர், அவனை ஒருமுறை கோயிலில் கண்டவர்கள், காணாதவர்கள்கூட. பக்கத்து வீட்டுக் கவிதாவும் வந்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. தயாவை எங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையோடு கண்டதைத் தவிர வேறு பழக்கம் இல்லை.

பொன்னுத்துரை அங்கிள் வேட்டி கட்டிச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். அவர் இருந்தது தன்னுடைய கார் கராஜில். பின்னால் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாக, ஒருவரும் இல்லாமல்.

"அங்கிள், கதிரை ஆருக்கு?" என்றேன்.

"செத்த வீடெண்டா கதிரை கிடக்கவேணும், பிள்ளை. இல்லாட்டி என்னெண்டு செத்த வீடு?" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பிடித்தார். "ஆரது முகட்டைக் காட்டுறது? கமராவை நேரை வையுங்கோ. செத்த வீட்டுக்கு வந்திட்டு முகட்டைப் பாக்கிறியளே?"

தயா எல்லோரையும் பார்த்தான். அழவில்லை. ஆனால் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அதை நான் கவனித்தேன்.

முக்கால் மணித்தியாலம் ஆகவில்லை, எல்லாப் பெட்டியும் பட்டென்று மறைந்துவிட்டது. நான் குழறிவிட்டேன். ஆரணி தலையில் கை வைத்தாள். இலவசமாகத் தருகிற கூட்டம் என்றால் அவ்வளவு நேரம்தானாம். "இது என்ன செத்த வீட்டுக்கு மீற்றர்?" என்றார் என் மனிசன். ஆரணி தன் யூனிக் கணக்கால் திரும்பத் திறந்தாள். அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முழுச் சனமும் திரும்ப வந்துவிட்டது. முதலில் வராத இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

5

இனி நடந்தது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் நடக்கும்.

பொழுது பட்டது. ஒருவரும் எழும்பவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நெளிகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், ஆனால் அப்படியே இருக்கிறார்கள். ஆரணிக்கு விளங்கவில்லை.

"அம்மா, வை ஆர் தே ஸ்டில் ஹியர்? 'லீவ்' எண்டு ஒரு பட்டன் இருக்கு. தெரியாதா?"

"தெரியும், பிள்ளை. அதுதான் பிரச்சினை."

செத்த வீட்டில் இருந்து "போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்பக்கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் இதே காரியத்துக்கு வருவேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆள் அசந்த நேரம் பார்த்து, ஒருவருக்கும் சொல்லாமல், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிவிட வேண்டும். சூமில் அது நடக்காது. ஒருவர் போனால் பெட்டி மறையும், மற்றப் பெட்டி எல்லாம் இடம் மாறும், எல்லோரும் காண்பார்கள். அதைவிட ஆரணியின் லப்டொப்பில் ஒரு மணிச் சத்தம் வேறு கேட்கும். முதலாவதாக அந்தச் சத்தத்தை எழுப்பிய ஆள் என்று பெயர் எடுக்க யாருக்கும் துணிவு இல்லை. சட்டம் போட்டு ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்த காலத்தில், எங்கள் சனம் வெட்கத்தில் ஒன்றாய்க் கிடந்தது.

கவிதா எனக்குத் தனியே போனில் எழுதினாள்: "அக்கா, எங்க ஊர்லயும் சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம். அதான் நானும் எந்திரிக்கல."

அப்படியே போனையும் தூக்கிக்கொண்டு அவரவர் அலுவலைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெட்டியில் குக்கர் கூவியது. இன்னொன்றில் ஒரு பிள்ளைக்குப் பாட்டன் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நான் மைக்கை மூடாமல் குசினிக்குப் போய்விட்டேன். பின்னால் வந்த என் மனிசன், "இன்னும் முடியேல்லையோ இந்தச் செத்த வீடு?" என்று கேட்டது சிட்னி வரைக்கும் கேட்டது. எல்லோரும் உறைந்துவிட்டார்கள். நான் நிலத்துக்குள் போய்விடலாமோ என்று நின்றேன்.

தயா சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். "அண்ணை, பாப்பம்," என்றான்.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் எழும்ப மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். சனம் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டே படுத்தது. விடிய நான் எழும்பிப் பார்க்க, பாதிப் பெட்டிகளில் தலையணை. பொன்னுத்துரை அங்கிள் கராஜில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, புதிய திருநீற்றோடு, நேற்று இருந்த அதே இடத்தில் இருந்தார்.

6

அடுத்த நாள் காலையில் தயாவின் கதவைத் தட்டினார்கள். வெளியே வராமல் இருக்கிறானா என்று பார்க்க வந்த ஆட்கள். சுகாதார உத்தியோகத்தர் ஒருத்தி, பக்கத்தில் துணைக்கு ஒரு ஆமிக்காரப் பெடியன். அந்த நாட்களில் அப்படித்தான் இருவராக வருவார்கள்.

தயா கதவைத் திறந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுடைய முதுகு தெரிந்தது, அதற்கு அப்பால் பச்சை உடுப்பு. சண்டைக் காலத்தில் அவன் எந்த இடத்தால் வந்தவன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே உயர்ந்து, விரல் விரித்தபடி முன்னுக்கு நின்றன.

"உள்ளுக்கு வேறு யாரும் இருக்கிறார்களா, சேர்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ. ஒன்லி மீ."

அந்த நேரம் பார்த்து யாரோ தும்மினார்கள். இன்னொருவர் "நூறாயிசு" என்றார். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "சேர், எனக்கு ஆட்களின் சத்தம் கேட்கிறது."

தயாவின் கை இறங்கவில்லை. ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனால் அவனுடைய விசாவுக்கு என்ன நடக்கும்? நான் மைக்கைத் தேடுகிறேன், ஆங்கிலம் ஒரு சொல் வரவில்லை.

பக்கத்தில் இருந்து ஆரணியின் சத்தம் வந்தது.

"ஹாய்! எக்ஸ்கியூஸ் மீ! ஓவர் ஹியர், ஒன் த டேபிள்! ஹீஸ் ஒன் ஹிஸ் ஓன், ஐ ப்ரொமிஸ். ஹிஸ் மம் பாஸ்ட் அவே யெஸ்டர்டே. வீ ஆர் ஜஸ்ட் சிற்றிங் வித் ஹிம்."

அந்த உச்சரிப்பு. மூக்கால் இழுக்கிற, சொல்லின் கடைசியை விழுங்குகிற அந்த ஒஸ்ரேலிய உச்சரிப்பை எத்தனை வருசமாக நான் குறை சொல்லியிருக்கிறேன். "நாக்கை வெள்ளைக்காரியிட்டை வித்திட்டாய்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சத்தம் அந்த அறைக்குள் ஒரு அண்ணன்காரன் போல எழும்பி முன்னுக்குப் போய் நின்றது.

உத்தியோகத்தர் கதவுக்கு வெளியே நின்றபடியே குனிந்து மேசையைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். தலையணையில் கிடந்தவர்கள் எழும்பி நேரே இருந்தார்கள். ஆமிப் பெடியன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். அதைக் கண்ட பிறகுதான் தயாவின் கை இறங்கியது.

"ஐ ஆம் சோ சொறி," என்றாள் அவள்.

பொன்னுத்துரை அங்கிள் கராஜுக்குள் எழும்பி நின்றார். பின்னால் கிடந்த கதிரைகளைக் காட்டி, தபால் கந்தோர் ஆங்கிலத்தில், "மடம், சேர், ப்ளீஸ் பி சீற்றட்," என்றார். அவர்கள் நின்றது மெல்பேர்ன் வளவில். அவருடைய கதிரை கிடந்தது சிட்னியில்.

"தாங்க் யூ, சேர்," என்றான் அந்தப் பெடியன். சிரிக்கவில்லை. இருவரும் அந்தக் குளிர்காற்றில், தொப்பி இல்லாமல், கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு அவள் தயாவிடம் ஏதும் தேவையா என்று கேட்டாள், அவன் இல்லை என்று தலை ஆட்டினான். ஆமிப் பெடியன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துவிட்டு, திரும்பி, விடிய நான் படியில் வைத்துவிட்டு வந்த சோற்றுப் பாத்திரத்தில் கால் படாமல் விலத்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான்.

"பாத்தியளே," என்றார் அங்கிள், சத்தத்தைத் தாழ்த்தி. "அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, என்னெண்டு எழும்பிப் போறதெண்டு. உங்களுக்குத்தான் தெரியேல்லை."

7

மத்தியானம் கழிய ஊரில் காரியம் தொடங்கியது. அங்கே அது காலை. தயாவின் மருமகன், தமக்கையின் பெடியன், போனோடு கூட்டத்துக்குள் வந்தான். அங்கேயும் ஆட்கள் சேரக்கூடாது என்ற கட்டுப்பாடு. முற்றத்தில் நெருங்கின சொந்தம் மட்டும், ஒருவருக்கு ஒருவர் எட்டி நின்றார்கள். தயாவின் தமக்கை அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். எங்களை எல்லாம் பார்த்தாள்.

"தம்பி, உவ்வளவு சனம் வந்திருக்கே?" என்றாள்.

"ஓம் அக்கா. நேற்று வந்தவை. இன்னும் போகேல்லை."

"அம்மா, பாருங்கோ," என்று அவள் தாயின் பக்கம் போனைத் திருப்பினாள். "உங்களுக்கு வந்திருக்கிற சனத்தைப் பாருங்கோ."

ஊரிலேயே சனம் கூட முடியாத நாளில், தயாவைப் பெற்ற அந்த மனுசிக்கு நாங்கள் கூடினோம். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மருமகன் கொள்ளி வைத்தான். படம் நின்று நின்று வந்தது. ஒரு இடத்தில் புகை அப்படியே உறைந்து, பிறகு இணைப்பு அறுந்துபோனது. தயா போனுக்கு முன்னால் கும்பிட்டபடி இருந்தான். கண் காய்ந்து கிடந்தது. அங்கிள் சொல்லக் குளித்துவிட்டு வந்தான். இனித்தான் சாப்பிட வேண்டும். எல்லோரும் தொடங்கினோம்.

"தம்பி, ஒரு வாய்."

"தயா, கோப்பையை எடடா."

"அண்ணா, ப்ளீஸ், கொஞ்சமா," என்றாள் கவிதா.

"பாப்பம்," என்றான். "பாப்பம் அக்கா." பிறகு அப்படியே கட்டிலில் சரிந்தான். நித்திரையாகிவிட்டான். அடித்துப் போட்ட மாதிரி ஒரு நித்திரை.

அப்போதுதான் அது நடந்தது. முதலில் ஒரு பெட்டி மறைந்தது. பிறகு இரண்டு. வெட்கம் இல்லை, அவசரமும் இல்லை. ஆள் அசந்த நேரம் பார்த்து, எங்கள் முறைப்படி, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். ஆரணி அந்த மணிச் சத்தத்தை எப்போதோ நிறுத்தியிருந்தாள். கடைசியாகப் பொன்னுத்துரை அங்கிள் கராஜுக்குள் கதிரைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. சாப்பிடவில்லையே. அவன் எழும்பும்போது அந்தப் போன் கண்ணாடிக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்களே. நானும் மாலை வேலைக்குப் போக வேண்டும். உடுப்பு மாற்றிக்கொண்டு வர, ஆரணியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் லப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். போனில் அவளுடைய வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது, காதில் அதைக் கேட்கிற பொத்தான் ஒன்று. லப்டொப்பில் நித்திரை கொள்கிற தயா.

வாசலில் நின்றேன். அவன் அசைவது தெரிந்தது. எழும்பி இருந்து, கண்ணைத் துடைத்து, திரையைப் பார்த்தான்.

"எல்லாரும் போட்டினமோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். யூ வேர் ஸ்லீப்பிங்."

"நீ ஏன் இருக்கிறாய்?"

"நான் ஹோஸ்ட், அங்கிள். நான் போனா எல்லாம் முடிஞ்சிடும்."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டான்.

"இல்லை. நீங்க சாப்பிடேல்லையே."

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. படியில் இருந்த பாத்திரத்தோடு திரும்பி வந்து, மேசையில் வைத்து, மூடியைத் திறந்தான். கையைக் கழுவினான். முதல் வாயை எடுத்து வைத்தான்.

"எப்பிடி இருக்கு, அங்கிள்?"

"கத்தரிக்காய்க்கு உன்ர அம்மா உப்புப் போட மறந்திட்டா."

"ஷி ஆல்வேஸ் டஸ்."

அவன் தலையை ஆட்டினான். இரண்டாவது வாயை எடுத்தான். மூன்றாவதை எடுக்கும்போது கை பாதியில் நின்றது, தோள் குலுங்கியது, "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அழுதான். அந்தக் கிழமை முழுக்க வராதது எல்லாம் வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே அழுதான்.

ஆரணி ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. காதில் இருந்த பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகை நேராக்கி, அவன் முகத்துக்கு முன்னால் அப்படியே இருந்தாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நான் குசினிக்குப் போய் அவளுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டேன். கொண்டுவந்து, கமராவுக்குள் படாமல், மேசைக் கரையில் வைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செத்த வீட்டுக்குப் போன பிள்ளை வேறு பக்கம் பார்க்கக்கூடாது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனேன்.